முதல்ல கண்ணாடியை எடுத்துட்டுப் பாருங்க

எங்க புராஜெக்ட் அப்சர்வேஷன் நோட்டுல 2.004 என்று ஒரு எண் இருக்கிறது. நீல பால்பாயிண்ட்ல எழுதியது. அதை 2.092 என்று மாற்ற ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. நானும் என் பார்ட்னரும் ஒரு சாயங்காலம் முழுக்க அந்த எண்ணை மாத்தலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரை அந்தச் சாயங்காலத்தைப் பற்றியது. அதோடு, நம்ம லேப்ல ரெக்கார்ட் எழுதுற முறை மேல எனக்கு இருக்கிற கோபத்தைப் பற்றியதும்கூட.

முதல்லயே ஒரு விஷயம். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல சயின்ஸ் எழுதுவது இதுதான் முதல் தடவை. போலரைஸ்டு லைட்டுக்குத் தமிழ் என்னன்னு தமிழ் மீடியம்ல படிச்ச பார்ட்னரைக் கேட்டேன். 'தளவிளைவுற்ற ஒளி' என்று டக்குனு சொன்னான். ப்ளஸ் டூ புத்தகத்துல இருக்காம். நான் ரெண்டு வார்த்தையையும் மாத்தி மாத்திப் போடுவேன், பொறுத்துக்கோங்க.

புராஜெக்ட் என்னன்னு சொல்றேன். ஒளி ஒரு அலை. சாதாரண வெளிச்சத்துல அதோட அதிர்வு எல்லாத் திசையிலும் இருக்கும். போலராய்டு ஷீட் வழியா விட்டால் ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி மட்டும் வெளியே வரும். அந்த ஒளியை ஒரு கண்ணாடித் தண்டுக்குள்ள அனுப்பி, ஒளி போகிற அதே திசையில் காந்தப்புலம் கொடுத்தால், அதிர்வுத் தளம் கொஞ்சம் திரும்பும். இதுதான் ஃபாரடே விளைவு. எவ்வளவு திரும்பும் என்பதற்குச் சுலபமான கணக்கு: காந்தப்புலம், கண்ணாடிக்குள் ஒளி போகும் நீளம், அந்தக் கண்ணாடிக்கே உரிய ஒரு மாறிலி, மூன்றையும் பெருக்கினால் போதும். மாறிலியின் பெயர் வெர்டே மாறிலி. எமில் வெர்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1850-களில் இதை முறையாக அளந்ததால் அந்தப் பெயர்.

இ.இ.இ. பசங்களுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். ஹை வோல்டேஜ் லைன்ல போகிற கரண்ட்டை ஒளியை வைத்து அளக்கும் சென்சார்கள் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. கம்பியைச் சுற்றியிருக்கும் காந்தப்புலம் கண்ணாடிக்குள் அல்லது ஃபைபருக்குள் போகும் ஒளியைத் திருப்பும்; எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் கரண்ட் தெரியும். லேசருக்குள் ஒளி திரும்பி வந்து அதைக் கெடுக்காமல் தடுக்கிற ஐசொலேட்டரும் இதே விளைவுதான். சர்க்கரைக் கரைசலும் தளத்தைத் திருப்பும், ஆனால் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஃபாரடே விளைவில் அப்படி இல்லை; திரும்பி வரும்போது இன்னொரு மடங்கு அதே பக்கம் திரும்பும். அதனால்தான் அதை வைத்து ஒளிக்கு ஒன்வே ரோடு போட முடிகிறது.

சரி, எங்க செட்டப். 15 செ.மீ. நீளத்துக்கு 1500 சுற்று காயில். ஒரு மத்தியானம் முழுக்கக் கையாலேயே சுத்தினது. 1 ஆம்பியர் விட்டால் நடுவில் 12 மில்லிடெஸ்லா; காஸ்மீட்டரில் பார்த்தோம். ஒரு சிவப்பு லேசர், ரெண்டு போலராய்டு, ஒரு போட்டோடையோடு. வெளிச்சம் உள்ளே வராமல் இருக்கக் கருப்பு சார்ட் பேப்பர். கண்ணாடி மட்டும் பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் அலமாரியில் கிடைத்தது. 5 செ.மீ. தண்டு, ரெண்டு முனையும் பாலிஷ் போட்டது. டப்பாவில் 'அடர் ப்ளின்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கம்பெனி, என்ன நம்பர், ஒன்றும் இல்லை.

இங்கதான் விஷயமே. அந்தக் கண்ணாடியோட வெர்டே மாறிலி எவ்வளவுன்னு எங்க யாருக்கும் தெரியாது. சாருக்கும் தெரியாது. சீனியர் ரெக்கார்ட் கிடையாது. நாலு வருஷத்துல முதல் தடவையா, ஆன்சர் தெரியாத ஒரு எக்ஸ்பெரிமென்ட்.

தோராயமா ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஈயம் நிறைந்த கனமான கண்ணாடிகளுக்கு ஒரு டெஸ்லா, ஒரு மீட்டருக்கு 20 ரேடியன் அளவில் இருக்கும். தண்ணீருக்கு 4-க்குக் கீழே. 20 என்று வைத்தால் எங்களுக்குக் கிடைக்க வேண்டிய கோணம் 0.7 டிகிரி. அதாவது ஒரு டிகிரிகூட இல்லை. போலராய்டு மவுன்ட்ல இருக்கிற கோடே ரெண்டு டிகிரிக்கு ஒண்ணு.

அதனால கோணத்தை நேரடியா படிக்காம, வெளிச்சத்தோட அளவை அளந்தோம். ரெண்டு போலராய்டையும் குறுக்கே வைத்து முழு இருட்டாக்கினால் சின்னத் திருப்பத்துக்கு மாற்றம் ரொம்பக் குறைவு, கண்ணுக்கே தெரியாது. 45 டிகிரியில் வைத்தால்தான் மாற்றம் அதிகம். 0.7 டிகிரி திரும்பினால் வெளிச்சம் சுமார் 2.4 சதவீதம் மாறும். அதை மல்டிமீட்டர் சுலபமா காட்டும்.

காயில் ஆஃப்: 2.000 வோல்ட். ஆன் பண்ணோம்: 1.908.

குதிச்சோம். 4.6 சதவீதம் குறைஞ்சிருக்கு! எதிர்பார்த்ததைப் போல ரெண்டு மடங்கு. "கண்ணாடி செம குவாலிட்டிடா" என்றான் பார்ட்னர். கணக்குப் போட்டால் வெர்டே மாறிலி 38 வந்தது. சந்தேகப்படணும்னு தோணவே இல்லை. பெருசா வந்தா நல்லதுதானேன்னு இருந்துட்டோம்.

அப்புறம் கரண்ட்டைத் திருப்பிப் போட்டோம். காந்தப்புலம் எதிர்ப்பக்கம் போனால் ஒளியும் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். 0.092 குறைந்தது போல 0.092 கூட வேண்டும். 2.092 வரணும்.

வந்தது 2.004.

திரும்பவும் போட்டோம். 2.004. காயில் வயரை அமுக்கிப் பார்த்தோம். 2.004. "லூஸ் கனெக்‌ஷனா இருக்கும் மச்சி, 2.092-ன்னு எழுதிக்கோ. தியரி அதானே சொல்லுது" என்றான் அவன். நான் பேனாவை எடுத்தேன். பொய் சொல்லல, நிஜமாவே எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்னா, அது எனக்குப் பழக்கம். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல டார்ஷன் பெண்டுலம். கம்பியோட ரிஜிடிட்டி மாடுலஸ் கண்டுபிடிக்கணும். ஸ்டாப்வாட்ச்ல நேரம் எடுத்தேன், ஆன்சர் தப்பா வந்தது. பக்கத்து பேட்ச்ல ஒருத்தன் காமிச்சுக் கொடுத்தான்: புத்தகத்துல இருக்கிற வேல்யூவை ஃபார்முலாவில் போடு, பின்னாடியே கணக்குப் போட்டு வா, நேரம் எவ்வளவு இருக்கணும்னு வரும், அதுல அரை செகண்ட் முன்ன பின்ன வெச்சு அஞ்சு ரீடிங் எழுது. எழுதினேன். பத்துக்குப் பத்து. அன்னைக்கு அந்த லேப்ல நேர்மையா எடுத்த ரீடிங்கை அப்படியே எழுதின ஒருத்திக்கு ஏழு. "ரிப்பீட்" என்று சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூணு மார்க் வித்தியாசம் எங்க எல்லோருக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது. அதுக்கு அப்புறம் எந்த லேப்லயும் எனக்குத் தப்பான ஆன்சர் வந்ததே இல்லை. இதைப் படிக்கிற உங்கள்ல எத்தனை பேருக்கு வந்திருக்கு? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க.

அன்னைக்கு எங்களைக் காப்பாத்தினது தியரி இல்லை, லேப் அண்ணா. பூட்டிட்டுக் கிளம்பணும்னு சாவியோட வந்து நின்னார். எங்க முகத்தைப் பார்த்துட்டு என்னாச்சுன்னு கேட்டார். சொன்னோம். பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, கண்ணாடியை எடுத்துட்டு ஒரு தடவை பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கலை.

தண்டை வெளியே எடுத்தோம். காயில் ஆஃப்: 2.290. முனைகளில் பிரதிபலித்து வீணாகும் ஒளி இப்போது வீணாகாததால் எண் கூடியிருந்தது, அது சரிதான். காயில் ஆன்: 2.240. கரண்ட்டைத் திருப்பினோம்: 2.240.

கண்ணாடியே இல்லை. திருப்ப எதுவுமே இல்லாத இடத்தில் 2.2 சதவீதம் 'ஃபாரடே விளைவு'. அதுவும் ரெண்டு திசையிலும் ஒரே பக்கம்.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம். லேசருக்கும் காயிலுக்கும் ஒரே பவர் சப்ளையில் இருந்து எடுத்திருந்தோம். காயில் ஒரு ஆம்பியர் இழுக்கும்போது லேசருக்குப் போகிற வோல்டேஜ் கொஞ்சம் இறங்குகிறது. லேசர் மங்குகிறது. அவ்வளவுதான். நாங்கள் குதித்த 4.6 சதவீதத்தில் கிட்டத்தட்ட பாதி, மங்கின லேசர்.

இப்போ அந்த 2.004-ஐத் திரும்பப் பாருங்க. ஒரு திசையில் உண்மையான திருப்பமும் லேசர் மங்கலும் சேர்ந்து குறைத்தன. இன்னொரு திசையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அதனால்தான் ஒன்று 1.908, மற்றது 2.004. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் மங்கல் தானாகவே கழிந்துவிடும். கணக்குப் போட்டோம்: 0.7 டிகிரி. அதாவது அந்த 'தப்பான' 2.004-க்குள்ளதான் சரியான விடை இருந்தது. அதை 2.092 என்று மாற்றியிருந்தால் ரெண்டு பக்கமும் கச்சிதமா பொருந்தி, பார்க்க அழகா, ரெண்டு மடங்கு தப்பான ஒரு ஆன்சர் வந்திருக்கும். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நாங்களும்.

மறுநாள் லேசருக்குத் தனி பேட்டரி போட்டு, கரண்ட்டைத் திருப்பித் திருப்பி 20 செட் எடுத்தோம். சராசரி 0.62 டிகிரி. செட்டுக்கு செட் 0.08 வரை முன்ன பின்ன. வெர்டே மாறிலி 18, கூட்டியோ குறைத்தோ 2. இதுதான் எங்க ரிசல்ட். இதை எழுதும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை ஃபர்ஸ்ட் இயர் பத்துக்குப் பத்தோட ஒப்பிடவே முடியாது.

இதுக்கு அப்புறம்தான் ஃபாரடே இதை எப்படிக் கண்டுபிடிச்சார்னு தேடிப் படிச்சேன். புத்தகத்தில் "1845-ல் ஃபாரடே கண்டறிந்தார்" என்று ஒரே வரிதான். அந்த வரிக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கும் மேலான 'ஒன்றும் தெரியவில்லை' இருக்கிறது.

மின்சாரம் போகும் கரைசலுக்குள் தளவிளைவுற்ற ஒளியை அனுப்பி ஏதாவது மாறுகிறதா என்று அவர் 1822-லேயே பார்த்திருக்கிறார். மாறவில்லை. 1830-களில் மறுபடி. மாறவில்லை. 1845 செப்டம்பர் 13, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன். இந்த முறை காந்தம். காற்றில் பார்த்தார், ப்ளின்ட் கண்ணாடியில் பார்த்தார், வேறு படிகங்களில் பார்த்தார். காந்தத் துருவங்களை இப்படியும் அப்படியும் மாற்றி வைத்தார். ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் அப்படியே டைரியில் எழுதினார். கடைசியில் ஒரு கனமான ஈயக் கண்ணாடியை வைத்தபோதுதான் ஒளி திரும்பியது.

அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1820-களின் கடைசியில் தொலைநோக்கிகளுக்கு நல்ல லென்ஸ் கண்ணாடி செய்யச் சொல்லி ஃபாரடேக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உலை வைத்து வருஷக்கணக்கில் உருக்கினார். லென்ஸ் தொழிலுக்கு அது பெரிசாகக் கைகொடுக்கவில்லை. மிச்சக் கண்ணாடி அவரிடமே இருந்தது. நம்ம பாஷையில சொன்னா, ஃபெயிலான பழைய புராஜெக்ட்டோட ஸ்பேர் பார்ட்.

இன்னொன்று கவனிங்க. அன்று ப்ளின்ட் கண்ணாடியில் 'விளைவு இல்லை' என்று எழுதினார். சில நாளில் வுல்விச்சிலிருந்து இன்னும் வலுவான மின்காந்தம் கடன் வாங்கினார். இப்போது மற்ற பொருள்களிலும், சாதாரணக் கண்ணாடியிலும் தெரிந்தது. முதல் ரீடிங் பொய்யா? இல்லை. அந்தக் காந்தத்துக்கு, அந்தக் கண்ணுக்கு, தெரியவில்லை என்பது உண்மை. அதனால்தான் காந்தத்தை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஃபாரடேயின் டைரியில் பத்திகளுக்கு வரிசையாக எண் போட்டிருப்பார். 16,000-க்கும் மேல் போகிறது. அதன் கடைசிப் பக்கங்களில், 1862-ல், காந்தப் புலத்துக்கு நடுவே ஒரு தீச்சுடரை வைத்து அதன் நிறமாலைக் கோடுகள் மாறுகின்றனவா என்று பார்த்தார். மாறவில்லை என்று எழுதினார். அப்போது அவருக்கு 70 வயது. தோல்வி என்று விட்டுவிடலாம். ஆனால் ஃபாரடே இப்படி ஒன்றை முயன்று பார்த்தார் என்ற குறிப்பைப் படித்துத்தான் பீட்டர் சீமன் என்பவர் நெதர்லாந்தில் லைடன் நகரில், இன்னும் நுட்பமான கருவியோடு, 1896-ல் அதையே திரும்பச் செய்தார். கோடுகள் அகலமாயின. 1902-ல் லோரென்ட்ஸுடன் சேர்ந்து நோபல் பரிசு. ஃபாரடே அன்னைக்கு நம்மள மாதிரி 'எதிர்பார்த்த' ரீடிங்கை எழுதி வைத்திருந்தால், அடுத்தவர் தேடிப் போக ஒன்றுமே இருந்திருக்காது.

இனி ரிவ்யூ கதை. ஸ்லைடில் 18 என்று போட்டோம். முதல் கேள்வி: "ஸ்டாண்டர்ட் வேல்யூ என்ன?" தெரியாது சார், கண்ணாடி என்ன வகைன்னு டப்பாவில் இல்லை என்றோம். "அப்போ எரர் பர்சன்டேஜ் எப்படிப் போடுவீங்க?" ரீடிங் எவ்வளவு சிதறுது என்பதில் இருந்து பிளஸ் ஆர் மைனஸ் 2 சொன்னோம் சார் என்றேன். "அது சரி, ஆனா இது கரெக்ட்டுன்னு எப்படித் தெரியும்?"

கேட்டவர் மேல எனக்குக் கோபம் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் புத்தகத்தில் இருக்கிறது என்ற நினைப்பில் கேட்கப்பட்ட கேள்வி. எங்களிடம் இருந்த பதில் வேறு: கண்ணாடியை எடுத்தால் விளைவு போகிறது, கரண்ட்டைத் திருப்பினால் திசை மாறுகிறது, கரண்ட்டைப் பாதியாக்கினால் பாதியாகிறது. ஒரு அளவீட்டை நம்புவதற்கு இந்த மூன்றையும்விடப் பெரிய காரணம் என்ன வேண்டும்? சொன்னோம். கேட்டுக்கொண்டார். கடைசியில் குறிப்பில் "கம்பேர் வித் ஸ்டாண்டர்ட் வேல்யூ" என்றே எழுதினார்.

எதிர்ப்பக்க நியாயமும் எனக்குத் தெரியும். அறுபது பேருக்கு மூணு மணி நேரம், வேலை செய்கிற செட்டு பத்தோ பன்னெண்டோ, ஒரு ஸ்டாஃப். ஒவ்வொருத்தர் ரீடிங்குக்கும் பின்னால் என்ன நடந்தது என்று அவர் எப்படிப் பார்ப்பார்? புத்தக வேல்யூவோட ஒப்பிடுவதுதான் சீக்கிரம் முடிகிற வழி. நம்ம பக்கமும் சுத்தம் இல்லை. மூணு மணி நேர லேபை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு கேன்டீன் போக வசதியான வழி அதுதான் என்று நாமும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம்.

ஆனா இது ரெக்கார்ட் நோட்டோட முடியாது. ஜூலையில் நான் வேலைக்குச் சேர்கிறேன். மின் சாதனங்களை டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கொடுக்கும் வேலை. ஒரு ரிலே இத்தனை மில்லிசெகண்டில் ட்ரிப் ஆகணும்னு ஷீட்ல போட்டிருக்கும். ஆகலைன்னா, "லூஸ் கனெக்‌ஷனா இருக்கும்" என்று என் கை தானாகப் பேனாவை எடுக்கும். நாலு வருஷம் அதற்குத்தான் பழகியிருக்கிறது. அந்த ரிலேயை நம்பி எங்கேயோ ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறுவார்.

அதனால என் கோரிக்கைகள் இவை. பெருசா செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று: செமஸ்டருக்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட்டாவது யாருக்கும் ஆன்சர் தெரியாத சாம்பிளோட இருக்கட்டும். பேர் தெரியாத கண்ணாடி, லேபிள் கிழிந்த ரெசிஸ்டர், எதுவானாலும் சரி.

ரெண்டு: ரீடிங் எடுக்கிற எல்லா எக்ஸ்பெரிமென்ட்டிலும் 'கண்ணாடியை எடுத்துட்டு' ஒரு ரீடிங் கட்டாயம். எதை அளக்கிறோமோ அது இல்லாதபோது மீட்டர் என்ன காட்டுது? அதற்கு ஒரு காலம், அதற்கு மார்க்.

மூணு: அப்சர்வேஷனில் அடித்தல் இருந்தால் மார்க் குறைக்காதீங்க. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதியிருந்தால் மார்க் கூடக் கொடுங்க. நீட்டா இருக்கிற நோட்டு பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து எழுதின நோட்டு என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நாலு, இது நமக்கு: பக்கத்தில் இருப்பவளுக்கு ஏழு மார்க் வந்தால் சிரிக்காதீங்க. அன்னைக்கு நானும் சிரிச்சேன்.

எங்க அப்சர்வேஷன் நோட்டை பிசிக்ஸ் லேப் அலமாரியில் அந்தக் கண்ணாடி டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். லேப் அண்ணாகிட்ட சொல்லியிருக்கிறோம், கேட்டால் எடுத்துக் கொடுப்பார். 1.908, 2.004, குதித்த சந்தோஷத்தில் போட்ட 38, எல்லாம் அப்படியே இருக்கிறது. 18 தப்பாகவும் இருக்கலாம். தேர்ட் இயர் யாராவது எடுத்து, எங்களைவிட நல்ல லேசரை வைத்து அளந்து, அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதுங்க. மறக்காம முதல்ல கண்ணாடியை எடுத்துட்டுப் பாருங்க.